ஆகு என்றால் நில்

பிள்ளைகளா, போன வாரம் டிவியில் ஏதோ ஒரு நாட்டை இனவாரியாக இரண்டாகப் பிரிக்கலாமா கூடாதா என்று நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தபோது, "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். நாடுகளைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் எங்கள் ஷெட்டை இரண்டாகப் பிரிக்கப் பார்த்தது தெரியும். அதில் நாங்கள் ஜெயித்ததும் தெரியும்.

நானும் உங்கள் அம்மாவும் வேலை பார்க்கும் இராஜபாளையம் பேண்டேஜ் யூனிட்டில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், பாதிப் பேர் தெலுங்கு. அம்மா தெலுங்கு வீட்டுப் பெண். நான் தமிழ். நீங்கள் பசித்தால் ஒன்றும் கோபம் வந்தால் மற்றதும் பேசுகிறவர்கள்.

ஒருநாள் துணி சுற்றும் மிஷினில் துணி சிக்கியது. மெதுவாக ஓடவிட்டு அதை எடுக்கக் கை விட்டவர் தெலுங்குக்காரர், எங்களில் மூத்தவர். சுவிட்ச் அருகே நின்றவன் வத்திராயிருப்பிலிருந்து புதிதாக வந்த தமிழ்ப் பையன். அவர் "ஆகு, ஆகு!" என்று கத்தினார். அவன் வேகத்தைக் கூட்டிவிட்டான். விரல் நூலிழையில் தப்பியது.

"வேணும்னே செஞ்சான்" என்றார்கள் ஒரு பக்கம். "எங்க பயலக் கொலகாரன்னு சொல்லுதியளா?" என்றார்கள் மறுபக்கம். மத்தியானம் யாரும் யாருக்கும் குழம்பு ஊற்றவில்லை. டீக்கடையில் ஒருவர், "நாட்டையே பிரிக்கான், ஷெட்டப் பிரிச்சா என்ன? அவிய அங்கிட்டு, நாம இங்கிட்டு, நிம்மதி" என்றார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். பிரித்தால் உங்கள் அம்மா அங்கே, நான் இங்கே. வேலை முடிந்தால் வீடு ஒன்றுதான். ஆனால் அந்தக் கோடு வீட்டுக்கும் வந்துவிடும் என்று பயந்தேன்.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதலாளி வந்தார். அவருக்குச் சண்டை இல்லாமல் வேலை நடந்தால் போதும். சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, "தெலுங்கு கிழக்க, தமிழ் மேக்க" என்றார்.

உங்கள் அம்மா மடித்த துணியோடு கோட்டின் மேலேயே நின்றாள். "நான் கிழக்க போறேன் மொதலாளி. எங்க வீட்டுக்காரர் மேக்க நிக்கட்டும். பள்ளிக்கூடம் விட்டு எம்புள்ளைக வீட்டுச் சாவி வாங்க வருமே, அதுக எந்தப் பக்கமா வரணும்?"

முதலாளி சாக்பீஸைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. புதியவனிடம் போனேன்.

"ஏலே, அவிய கத்துனது ஒனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"மிஷின் சத்தத்துல ஆகட்டும் ஆகட்டும்னு கேட்டுச்சு. எங்க வயக்காட்டுல வெரசாச் செய்யணும்னா அப்படித்தான் சொல்லுவாவ. அதான் கூட்டுனேன்."

மூத்தவர் தலையில் கை வைத்தார். "அட கிறுக்குப்பயலே! ஆகுன்னா எங்க பேச்சுல நில்லுன்னு அர்த்தம்லே!"

முதலில் சிரித்தது அந்தப் பயல்தான், கண்ணில் தண்ணீரோடு. பிறகு ஷெட்டே சிரித்தது. "இதுக்காடே நேத்துக் கொழம்பு இல்லாமத் தின்னோம்?" என்று யாரோ கேட்டார்கள். முதலாளி செருப்புக் காலாலேயே கோட்டைத் தேய்த்தார்.

அன்று முதல் எங்கள் ஷெட்டில் ஆகு என்றால் எல்லாருக்கும் நில்தான். ஆகட்டும் என்ற சொல்லை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டோம். மறுபடி ஒருநாள் துணி சிக்கியபோது "ஆகு!" என்று முதலில் கத்தியது வத்திராயிருப்புக்காரன். மிஷின் நின்றது. மூத்தவர் அவன் முதுகில் ஒன்று வைத்தார், "பாஸாயிட்டலே!"

பிள்ளைகளா, ரத்தம் ஆறாக ஓடிய நாடுகளும் இருக்கின்றன. வீடு வாசல் இழந்து, எங்களைத் தனியே விடுங்கள் என்று கேட்கிறவர்களைச் சேர்ந்தே இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கோடு போடுகிறவர்கள், அதன் மேலே நிற்கிறவர்களை முதலில் கேட்கட்டும். ஒருவர் கத்தியது மற்றவருக்கு எப்படிக் கேட்டது என்றும் விசாரிக்கட்டும். அதற்குப் பிறகும் பிரியத்தான் வேண்டுமென்றால் பிரியட்டும். இதுதான் என் பதில்.

கோடு அழிந்த அன்று சாயந்திரம் நீங்கள் அம்மாவோடு கடைக்குப் போயிருந்தீர்கள். வீட்டில் நான் மட்டும். குழாயில் தண்ணீர் வந்தது, குடத்தை வைத்தேன். கழுத்து வரை நிறைந்ததும், அதுவரை வீட்டில் ஒரு வார்த்தை தெலுங்கு பேசாத நான், "ஆகு" என்று குழாயிடம் சொல்லிவிட்டு அதை மூடினேன்.