முயலுக்கு வீடு பார்த்தவன்

என் வீட்டுக் கூண்டில் இப்போது ஒரே ஒரு முயல் இருக்கிறது. பழுப்பு நிறம், இடது காது பாதி கிழிந்தது. இடுப்புக்குக் கீழே அதற்கு உணர்ச்சி இல்லை. முன்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டுதான் தீனிக்கு வரும். அதை அப்படி ஆக்கியது நான் என்று சொன்னால் என் மனைவி சண்டைக்கு வருவாள். அவளுடைய அண்ணன் என்று சொன்னாலும் சண்டைக்கு வருவாள். அதனால் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மலையில், செம்மேட்டைத் தாண்டி அருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு விடுதி இருந்தது. என் மிளகுக் கொடிகளைக் கவனித்தது போக மீதி நேரத்தில் அங்கே செடிகளுக்குத் தண்ணீர் விடப் போவேன். வருகிறவர்களின் பிள்ளைகள் விளையாட ஒன்பது முயல்கள் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அவற்றைக் காதைப் பிடித்துத் தூக்குவார்கள், பெற்றவர்கள் போட்டோ எடுப்பார்கள். பழுப்பு முயலின் காது அப்படித்தான் கிழிந்தது. கிழிந்த அன்றைக்கும் அதை வைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் விடுதியைப் பூட்டிவிட்டு முதலாளி கீழே போய்விட்டார். நாற்காலி, மெத்தை, டிவி எல்லாம் லாரியில் போயின. முயல்கள் கூண்டோடு நின்றுவிட்டன. நான் தினமும் புல் அறுத்துப் போட்டேன். ஆட்டு மருந்து வாங்கப் போன இடத்தில், நாமக்கல்லில் முயல்களைக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி ஒரு நம்பர் கொடுத்தார்கள். தெரியாதவர்களிடம் போனில் பேசுவது எனக்கு வராது. பேசத் துணிய இரண்டு நாள் ஆனது. அதற்குள் ஒரு முயல் செத்துப்போயிற்று.

போனை எடுத்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அந்த வாரமே காரில் வந்தார். ஏழு முயல்களை எடுத்துக்கொண்டார். பழுப்பு முயலின் காதில் சீழ் வைத்திருந்ததால் மலை இறங்கும் அத்தனை வளைவுகளையும் அது தாங்காது என்றார். ஆறும்வரை என்னிடம் இருக்கட்டும், பிறகு நல்ல வீடு பார்த்துத் தத்துக் கொடுக்கலாம் என்றார். மருந்து ஊட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்துக்கு. "பின்னாடி தாங்காம தூக்கினா பயத்துல உதைக்குமுங்ணா. அந்த உதையில அதோட முதுகே முறிஞ்சிரும்." அதை நான் மறக்கவே இல்லை. மறக்காமல் இருந்தும் பலன் ஒன்றும் இல்லை.

சில்வர் ஓக் பலகையில் கூண்டு செய்தேன். ஊரில் சிரித்தார்கள். எப்போது குழம்பு என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டார்கள். ஆட்டுக்குப் புல் அறுக்கிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, முயலுக்கு அறுத்தால் பார்க்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

அந்த முயலுக்கு ஒரு பழக்கம். புது ஆள் வாசலில் கால் வைத்தால் பின்காலால் பலகையைத் தட்டும். டக், டக் என்று உலக்கை போல. நான் வந்தால் தட்டாது. இந்த வயதில் எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது. காது ஆறி மாதங்கள் போயின. அதை நானே வைத்துக்கொள்கிறேன் என்று டீச்சரிடம் கேட்க நினைத்தேன். போன் பேசும்போதெல்லாம் அந்த வார்த்தை வாய்வரை வரும். எனக்கென்று ஒன்றைக் கேட்டுப் பழக்கமில்லை. கேட்டால், இதற்குத்தான் உதவி செய்தாயா என்று நினைத்துவிடுவாரோ என்று இருந்தது. இப்போது யோசித்தால், ஒரு நொடியில் சரி என்றிருப்பார்.

கேட்பதற்குப் பதிலாக, அவர் கொடுத்த இன்னொரு வேலையை வாங்கிக்கொண்டேன். மலையில் யாராவது முயல் தத்துக் கேட்டால் நான் போய் வீடு பார்த்துவர வேண்டும். அதற்கு ஒரு தாள். முயலை எங்கே வைப்பார்கள், நாய் இருக்கிறதா, யார் கவனிப்பார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்று வரிசையாக இருக்கும். ஐந்தாவது படித்தவனுக்குப் புரிகிற தாள்தான். ஆனால் எங்கள் மலையில் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு எழுந்து, உங்கள் கொல்லையைக் காட்டுங்கள், நாயைக் காட்டுங்கள் என்று கேட்க முடியாது. கேட்டால், போட்ட சோற்றில் குறை சொன்னது போல. முன்பு இரண்டு வீடுகளுக்குப் போனபோதும் சாப்பிட்டு, வாசலில் நின்றபடியே தாளில் டிக் போட்டுவிட்டு வந்தேன். அவர்கள் நல்லவர்கள். அந்த முயல்கள் நன்றாக இருப்பதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

மூன்றாவதாகக் கேட்டவர் என் மச்சான். மனைவியின் பெரியப்பா மகன், இதே மலையில் வளப்பூர் நாட்டில் இருக்கிறார். அவளுக்குக் கூடப் பிறந்த அண்ணன் தம்பி இல்லை. எங்கள் மகளுக்குத் தாய்மாமன் முறை செய்ய இவரை விட்டால் ஆள் இல்லை. வீட்டுக்கு வந்தவர் பழுப்பு முயலைப் பார்த்து, என் சின்னப் பெண் இதைக் கண்டால் விடமாட்டாள், கொடுங்கள் என்றார். முயல் அவருக்கும் பலகையைத் தட்டியது. நான் டீச்சரிடம் சொன்னேன். வழக்கம்போல வீட்டைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்றார்.

போனேன். மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று கோழி அடித்தார்கள். சாமைச் சோறும் கோழிக் குழம்பும் இலை நிறைய. பலாமரத்தடியில் புதிதாக நான்கு கம்பம் நட்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் நீலப் படுதா போட்டு எதையோ மூடியிருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. தாளில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். அடியில் நல்ல வீடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் முயலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வழி முழுக்கப் பஸ்ஸில் அட்டைப் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். பலாமரத்தடியில், தங்க இடம் உண்டு என்று போர்டு தொங்கியது. கொல்லையில் நீல நீலமாகக் கூடாரங்கள், வாசலில் நான்கு கார்கள். நான்கு கம்பத்துக்கு நடுவே கம்பி வலைக் கூண்டு. ஒரு பிள்ளை பழுப்பு முயலைக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தது. ஒருவர் போன் வைத்துப் படம் எடுத்தார். எப்படிப்பட்ட இடத்திலிருந்து அதை எடுத்துவந்தேனோ அப்படிப்பட்ட இடத்திலேயே கொண்டுபோய் நான் விட்டிருந்தேன்.

நான் இறங்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவே போய் என்ன பேசுவது என்று இருந்தது. பஸ் வளைவில் திரும்பிவிட்டது. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. புதன்கிழமை காலையில்தான் போனேன்.

மச்சான் வாசலுக்கு வந்து வரவேற்றார். "வாங்க மாப்ள. மொதல்ல கை கழுவுங்க. சாப்டுட்டுப் பேசிக்கலாம்."

சாப்பிட்டால் பேச மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

"வேண்டாங்க மச்சான்."

அவர் மனைவி கையில் இலையோடு அப்படியே நின்றார். நான் நின்றபடியே, முயலை வாங்கிப் போக வந்தேன் என்றேன். மச்சான் சிரித்தார்.

"ஊட்டைப் பாத்துட்டு நல்ல ஊடுன்னு எழுதினது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க. பாக்காமத்தான் எழுதினேன்."

"ஒரு முசலுக்காக எங்கூட்டுச் சோத்தை வேண்டாங்கறீங்க. இதைத் தங்கச்சி கேட்டா என்னங்கும்?"

அவர் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். எடுத்துப் போங்கள், இனி அது எதற்கும் ஆகாது என்றார். முயல் சாக்கின் மேல் ஒருக்களித்துக் கிடந்தது. நேற்று ஒரு பிள்ளை தூக்கும்போது துள்ளி உதைத்ததாம், அப்போதிருந்து எழுந்திருக்கவில்லையாம். நேற்று என்றால் செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தால் செவ்வாய்க்கிழமை அதற்கு வந்திருக்காது.

ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்துக்கு. அப்படித்தான் தூக்கினேன்.

நாமக்கல்லில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பு சேராது என்றார். டீச்சர் கூடவே இருந்தார். வெளியே வந்ததும் கேட்டார்: "நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களாண்ணா?"

"இல்லீங்க டீச்சர்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "நீங்களே வச்சுக்கங்ணா. இதை இனி யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். எத்தனையோ நாளாக நான் கேட்க நினைத்ததை, கேட்காமலே கொடுத்துவிட்டார்.

மச்சான் வீட்டோடு போக்குவரத்து இல்லை. பலா பழுத்தது, எங்களுக்கு வரவில்லை. மகள் கல்யாணத்துக்கு யார் மணையில் நிற்பது என்று மனைவி அவ்வப்போது கேட்கிறாள். என்னைப் பார்த்துக் கேட்பதில்லை, அடுப்பைப் பார்த்துக் கேட்கிறாள்.

வீடு பார்க்கும் வேலையை நான் விடவில்லை. டீச்சரும் அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது போகிற வீடுகளில் தண்ணீர்கூட வாங்குவதில்லை. முதலில் கொல்லை, பிறகு நாய், பிறகு கேள்வி. போன மாதம் இரண்டு வீடுகளுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். திமிர் பிடித்தவன் என்று சொல்கிறார்கள், ஒரு வாய் சோறு வாங்காதவன் என்கிறார்கள்.

காலையும் மாலையும் வயிற்றை மெல்ல அழுத்தி முயலின் மூத்திரத்தை நான்தான் வெளியேற்ற வேண்டும். பிறகு ஈரத் துணியால் துடைத்துவிட்டு வேறு சாக்கு மாற்றுவேன். வாசலில் புது ஆள் சத்தம் கேட்டால் அது காதைத் தூக்கும். தோள் இரண்டும் ஒருமுறை இறுகும். பலகையில் சத்தம் வராது.