நாலு தசமத்தில் சந்திரன்

பிறந்த நேரம் கேட்டு யாராவது "சாயங்காலம்" என்று சொல்லிவிட்டால் கத்பர்ட் ரட்ஜ் நோட்டை மூடிவிடுவார். "சாயங்காலம்னா எத்தனை மணிங்க? விளக்கு ஏத்துறதுக்கு முன்னயா, பின்னயா?" வந்தவர் தன் தாயாரைக் கேட்டுக்கொண்டு வரவேண்டும். தாயார் கல்லறையில் இருந்தால் அத்தையை.

துறைமுக அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் கடல் ஏற்ற இறக்க அட்டவணை போடும் குமாஸ்தா அவர். ஞாயிறு பிற்பகலில் மட்டும் ஜோசியர். பஞ்சாங்கத்தில் கிரகங்களின் நண்பகல் நிலைதான் இருக்கும். ஆள் பிறந்த மணிக்குள் அவை எவ்வளவு நகர்ந்தன என்பதைப் பின்பக்கத்து லாக், அதாவது மடக்கை, அட்டவணையைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். பெருக்கி வகுக்கிற தொல்லை முழுவதும் ஒரே கூட்டலில் அடங்கிவிடும். அந்தக் கூட்டலைப் போடும்போது ரட்ஜுக்கு, மற்றவர்களுக்குப் புட்டிங் தின்னும்போது வருகிற முகம் வரும்.

பலன் சொல்வதுதான் கூச்சம். மகனுக்கு எப்போது கல்யாணம் என்று மீன்கடை புளோரி கேட்டதற்கு, சுக்கிரன் பதினேழு பாகை நாற்பத்தொரு கலை என்றார். "நாப்பதா நாப்பத்தொண்ணான்னு சந்தேகம் இருந்துச்சு. இப்ப தீந்துபோச்சு."

"எனக்குத் தீரலையே," என்றாள் புளோரி.

போன மார்ச்சில் ரொட்டிக்கடை மேபல் டிரான்டர் வந்தாள். கணவன் இறந்துபோய் ஒன்பது வருடம். ரட்ஜ் தினமும் அவள் கடையில் பன் வாங்குவார். பாதிக்குமேல் கடற்காக்கைகளுக்குத்தான் போகும். கனடாவில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு எழுதியிருந்தாராம். போகலாமா, கூடாதா?

அவள் பிறந்தது சரியாக இரவு எட்டு மணி. அன்று நண்பகலில் சந்திரன் ரிஷபத்தில் இருபத்தைந்து பாகை ஐம்பது கலை. பாகைக்கு அறுபது கலை. முப்பது பாகையைத் தாண்டினால் மிதுனம், அதாவது பயணம். தாண்டாவிட்டால் வீடும் வாசலுமாக ரிஷபம். ரட்ஜ் இரண்டு லாக் எண்களை எடுத்தெழுதினார்: சந்திரனின் ஒருநாள் ஓட்டத்துக்கு 2596, எட்டு மணி நேரத்துக்கு 4771. கூட்டி, 7867 என்று போட்டார். அட்டவணையில் விரலை ஓட்டினார்.

"ரிஷபத்துலயே நிக்குது. கால் பாகை மிச்சம் இருக்கு. நீங்க கடல் தாண்டக் கூடாதுங்க."

இத்தனை தெளிவாக அவர் யாருக்கும் பலன் சொன்னதில்லை.

முப்பது வருடம் கல்லாவுக்குப் பின்னால் நின்றவள் மேபல். எண்களைத் தலைகீழாகப் பார்த்தே கூட்டுவாள். "மிஸ்டர் ரட்ஜ், அஞ்சும் ஏழும் பன்னெண்டு, கைல இருந்த ஒண்ணு சேர்த்தா பதிமூணு. அங்க மூணுதானே வரணும்? எட்டு போட்டிருக்கீங்களே."

ரட்ஜ் நோட்டைப் பார்த்தார். காதுமடல் இரண்டும் சிவந்தன.

"மூணுதாங்க," என்றார். "மூணுன்னா சந்திரன் மிதுனத்துக்குப் போயிடும். நீங்களும்..." வாக்கியத்தை முடிக்காமல் ரப்பரைத் தேடி எடுத்தார்.

இதற்குமுன் எத்தனை தடவை கூட்டல் தப்பியிருக்கிறது என்று மேபல் விசாரித்தாள்.

"இதான் முதல் தடவை."

அவள் ரப்பரை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு அவர் விரல்களிலிருந்து பென்சிலை உருவி, அந்த எட்டின் மேலேயே அழுத்தி இன்னொரு எட்டு போட்டாள்.