தையல் டீச்சர் வராத பயணம்

எங்கள் இருவருடைய பாஸ்போர்ட்டும் ஒரே வாரத்தில் தபாலில் வந்தன. தையல் டீச்சர் தன்னுடையதை எடுத்துக்கொண்டு மேலகரத்தில் அடுத்த தெருவிலிருந்த என் வீட்டுக்கு வந்தார். படத்தைக் காட்டி, "ஏட்டி, என்னைப் பாத்தா திருட்டுக் கேசுல புடிச்சிட்டு வந்த மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

இலஞ்சியில் ஒரே பள்ளிக்கூடத்தில் அவரும் நானும் சயன்ஸ் டீச்சரும் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தோம். ஓய்வு பெற்றதும் சயன்ஸ் டீச்சர் சிங்கப்பூரில் இருந்த மகளிடம் போய்விட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில், எப்போது வருகிறீர்கள் என்று கேட்பார். நாங்கள் இருவரும் ஒரு கல்யாணத்துக்காகச் செங்கோட்டை தாண்டிப் புனலூர் வரை போனவர்கள், அவ்வளவுதான். துணிந்து டிக்கெட் போட்டோம்.

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது தையல் டீச்சரின் கணவர் குளியலறையில் விழுந்தார். வலது கையும் காலும் வரவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். காலை பஸ்ஸில் கஞ்சியோடு நான் போவேன். சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வேன். தையல் டீச்சர் வராண்டாவில் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்துக்கொள்வார். பயணத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, நானும் போகவில்லை என்று முடிவு செய்தேன். நட்புக்காகச் செய்த தியாகம் என்று சொன்னால் பொய். எனக்கு அலுத்துப் போயிருந்தது. பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கக்கூடத் தெம்பில்லை.

கணவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன். அவர் திரும்பவில்லை.

"எனக்காவ நிக்காதட்டி. இவுக விழுந்ததால நான் போகலை, சரி. என்னால நீயும் போகலைன்னா அதையும் நான்லா சுமக்கணும்? இப்ப சுமக்கதே போதும்."

"அதுக்கில்லக்கா, முடியலை."

"யாருக்குத்தான் முடியுது? மத்தியானம் வாரேன். பெட்டியை இறக்கி வை."

வெளியூரிலிருந்து வந்திருந்த மகனைக் காவலுக்கு வைத்துவிட்டு வந்தார். குற்றாலத்துச் சாரல் நான்கு நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. என் சேலைகள் எதுவும் காயவில்லை. ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டே உலர்த்தினார். ஓரங்கள் சேர மடித்தார். நான் காப்பி போட்டுக்கொண்டு வந்தபோது, திறந்திருந்த பெட்டிக்குப் பக்கத்தில் பாதி மடித்த சேலை மார்பின்மேல் கிடக்க, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். காப்பி ஆறியது. எழுப்ப மனம் வராமல் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவராகவே திடுக்கிட்டு எழுந்தார்.

"இவுகளுக்கு மாத்திரை குடுக்கணுமே! என்னை எழுப்பப்படாதாட்டி?"

கொண்டை அவிழ்ந்தது அவிழ்ந்தபடி, குடையை மறந்து, மழையிலேயே ஓடினார். மீதித் துணியை நானே அடுக்கினேன். அவர் மடித்ததுபோல் வரவில்லை.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் சயன்ஸ் டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டார். நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். நான்தான் போனில் சொல்லியிருந்தேன். இருந்தும் என் தோளுக்குப் பின்னால், ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்த வாசலை ஒருமுறை பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன்.