தனித்தனியாக உட்கார வைத்த பிள்ளைகள்

ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலம் நடக்கப் போகிறேன். கூட நடப்பவர்கள் எல்லோரும் என் வயதுக்காரர்கள். பத்து நிமிடம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். செல்போனைக் கட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே கிடக்கிறதாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகம்கூடத் தெரியாதாம். நாமெல்லாம் அப்படியா வளர்ந்தோம், வீட்டில் கால் தரித்ததா, ஊரே சேர்ந்துதானே விளையாடினோம் என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். வாக்குவாதம் செய்து மூச்சு வாங்குவானேன்.

இதே கதையை நான் என் மகளிடமும் அளந்திருக்கிறேன். அதற்கு எனக்கு நன்றாகக் கிடைத்தது.

அப்போது அவளுக்குப் பத்து வயது. தஞ்சாவூரில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருந்தோம். அவள் அப்பா துபாயில். நான் தாலுகா ஆபீஸில் உதவியாளர். நாலேகால் மணிக்கு ஸ்கூல் வேன் அவளைக் கீழே இறக்கிவிடும். கயிற்றில் கோத்து வீட்டுச் சாவியை அவள் கழுத்தில் போட்டிருந்தேன். கதவைத் திறந்து உள்ளே போய், தாழ்ப்பாள் போட்டு, மேசையில் மூடி வைத்திருப்பதைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுப்பாடம் எழுத வேண்டும். யார் மணியடித்தாலும் திறக்கக் கூடாது. யார் வீட்டுக்கும் போகக் கூடாது. நான் ஏழு மணிக்கு வருவேன். ஜமாபந்தி நடக்கிற நாட்களில், கிராமத்து நிலப் பதிவுகளையெல்லாம் பிரித்துப் போட்டுச் சரிபார்த்து முடிய எட்டும் ஆகும்.

வீட்டில் ஒரு வேலையும் அவளுக்கு வைத்ததில்லை. துடைப்பத்தைத் தொட்டால்கூடத் திட்டுவேன். நான் மிதித்த சேறு அவள் பக்கம் வரவே கூடாது என்று ஒரு வீம்பு. பண்ணை வேலை செய்த குடும்பத்தில் பிறந்த நான் இன்றைக்கு உட்கார்ந்து பட்டா எழுதுகிறேன் என்ற திமிரும் கொஞ்சம் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

ஒரு நாள் காலையில் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா, நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப தனியா இருந்திருக்கியா?"

"நானா? எங்க தெருவுல எத்தனை பிள்ளைங்க தெரியுமா? மூக்கு சிந்தக்கூட தனியா போக முடியாது."

வாய்க்காலில் குதித்தது, வரப்பில் நண்டு பிடித்தது, ஒரே பாயில் ஆறு பேர் படுத்தது எல்லாம் எடுத்துவிட்டேன். பாதி நிஜம்தான். அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப உனக்குப் பயமே இருந்ததில்லையா?"

"எதுக்குடி பயம்?"

அதற்கப்புறம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைக்குப் பழகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஜமாபந்தி வாரத்தில் ஒரு நாள், வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறும்போது கீழ் வீட்டு அம்மா என்னை நிறுத்தினார்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க பொண்ணு வீட்டுக்குள்ளயே போறதில்லைங்க. மொட்டை மாடிக்குப் போற படியில பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. நான் கூப்பிட்டாலும் வராது. உங்க வண்டிச் சத்தம் கேட்டாத்தான் எந்திரிச்சு உள்ள ஓடுது."

"எத்தனை நாளாங்க?"

"ஸ்கூல் தெறந்ததுலேருந்து. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஊரார் வந்து சொல்லும்படி ஆகிவிட்டதே என்ற கோபம். இரண்டிரண்டு படியாக ஏறி உள்ளே போனேன். மேசையில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அப்போதுதான் ஓடிவந்த மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி படியில உக்காந்திருக்க?"

நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "யாரும் இல்லாத வீட்டைத் தெறக்க பயமா இருக்கும்மா. உள்ள ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும் கேக்கும்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"உனக்குத்தான் இதெல்லாம் இருந்ததே இல்லையே. எனக்கு மட்டுந்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

அடிக்கிற வேகத்தில் போனவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் பெருமைப் பேச்சால் பிள்ளையின் வாயை நானே அடைத்திருக்கிறேன். இனிமேல் எதையும் என்னிடம் சொல்லாமல் வளர்ந்துவிடுவாளோ என்று பகீரென்றது. அதனால், அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன்.

எனக்கு எட்டு வயது. மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். சம்பா முற்றித் தலை சாய்ந்து நிற்கிற நேரத்தில், அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வேலை நிறுத்தம் சொல்லிவிட்டார்கள். முடியாது, வெளியூர் ஆளை இறக்கி அறுத்துக்கொள்கிறேன் என்றார் மிராசுதார். அந்த வருடங்களில் சுற்றுப்பட்ட ஊர்களிலெல்லாம் இதே தகராறுதான். அப்பாவை முந்தின வாரமே போலீஸ் பிடித்து நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோயிருந்தது. மற்ற ஆண்கள் பலர் தலைமறைவு.

வெளியாட்கள் எந்த வழியாக வருவார்கள் என்று தெரியாது. அதனால் ஊருக்குள் வரும் ஒவ்வொரு பாதையிலும் ஒரு பிள்ளையைக் காவல் வைத்தார்கள். பெரியவர்கள் நின்றால் போலீஸ் விரட்டும், பிள்ளைகளைக் கண்டுகொள்ளாது. ஆளுக்கு ஒரு தகர டின், ஒரு குச்சி. அரிவாளோடு புது முகங்கள் தெரிந்தால் டின்னைத் தட்ட வேண்டும். தெருவே ஓடிவந்து வயலில் இறங்கி மறிக்கும். இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து வைத்தால் விளையாட்டில் இறங்கிவிடும் என்று தனித்தனியாகத்தான் உட்கார வைத்தார்கள். அதில் மட்டும் எல்லோரும் கண்டிப்பாக இருந்தார்கள்.

எனக்குக் கிடைத்தது மேற்கு மதகு. தெருவிலிருந்து அதுதான் ரொம்ப தூரம். விடியும்போது அம்மா தூக்குவாளியில் பழைய சோற்றோடு என்னை மதகுக் கட்டையில் உட்கார வைத்துவிட்டுப் போகும். இருட்டும்போது வந்து கூட்டிக்கொண்டு போகும். உட்கார்ந்தால் நாலு பக்கமும் நெல்தான் தெரியும். முதல் நாள் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டாம் நாள் டின்னோடு பேசினேன். மூன்றாம் நாள் பேச்சும் தீர்ந்துவிட்டது. மத்தியானம் காற்று நின்று, கதிர் அசையாமல் இருக்கும்போது நான் செத்துவிட்டேனோ என்று தோன்றும். கையைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வேன். அம்மா வந்ததும், "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்கும். "இல்ல" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

நாலாம் நாள் காலையில் அவர்கள் வந்தார்கள். மேற்கே வறண்ட சீமைக்காரர்கள், பத்திருபது பேர், பாதிக்கு மேல் பெண்கள். இடுப்பில் துணி சுற்றிய அரிவாள், தலையில் சட்டி. வரப்பில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நான் குச்சியை எடுத்துவிட்டேன். அதற்குள் முன்னால் ஓடிவந்த ஒரு சின்னப் பெண், என் உயரம்தான் இருப்பாள், மதகில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏன் ஒண்டியா உக்காந்திருக்க?"

அவள் பாவாடை மடிப்பில் ஐந்து கற்கள் இருந்தன. அவள் அம்மா தாண்டிப் போகும்போது, "இந்தப் பிள்ளையோட இங்கனயே இரு, அறுத்துட்டு வாரேன்" என்றது.

அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். டின்னைத் தட்டினால் இவளும் எழுந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அவளை உட்கார வைத்தேன். உச்சிவரைக்கும் அஞ்சாங்கல் ஆடினோம். என் சோற்றில் பாதியை அவள் தின்றாள். என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமான காலைப் பொழுது எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

எங்கள் தெருவுக்குத் தெரிந்தபோது அறுத்த கதிர்க்கட்டுகள் களத்துக்கு ஏறிவிட்டிருந்தன. களத்தைச் சுற்றிப் போலீஸ் நின்றது. இரண்டு நாளில் வேலை நிறுத்தம் உடைந்து, எல்லோரும் பழைய கூலிக்கே இறங்கினார்கள். "என்னடி செஞ்ச?" என்று அம்மா கேட்டது. "தூங்கிட்டேன்" என்றேன். டின் தட்டக் கொடுத்த குச்சியாலேயே அடித்தது. தெருவில் ஒருவரும் தடுக்கவில்லை. தூங்கினது பிள்ளைத்தனம் என்று காலப்போக்கில் மன்னித்துவிட்டார்கள். சாகிறவரைக்கும் அம்மா, "இவளைக் காவல் வச்சா ஊரு உருப்பட்டுரும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும். நானும் சிரிப்பேன்.

நான் சொல்லி முடித்ததும் மகள் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு பேரு என்னம்மா?"

"கேக்கல."

"அடிச்சப்ப ஏன் நிஜத்தைச் சொல்லல?"

"தனியா இருக்க முடியலம்மான்னு சொன்னா, உக்கார வச்சது தப்போன்னு எங்கம்மாவுக்குத் தோணியிருக்கும். அதுக்கு வேற வழி ஏது? அப்பா ஜெயில்ல."

அவள் நோட்டின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள்.

"நானும் அதுக்காவத்தான்மா சொல்லல," என்றாள்.

என் அம்மாவிடமிருந்து நான் மறைத்ததையே என் மகள் என்னிடமிருந்து மறைத்திருக்கிறாள். சேறு அண்டாமல் வளர்க்கிறேன் என்று இறுமாந்திருந்தவள் நான்.

மறுநாளே, சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்குப் போக அனுமதி கேட்டேன். "ஜமாபந்தி முடியட்டும்மா, பாக்கலாம்" என்றார் தாசில்தார். முடிந்த பிறகு வேறொன்று வந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று துபாய்க்குப் போனில் கேட்டேன். வீட்டுக்கடன் முடியும்வரை நினைத்துக்கூடப் பார்க்காதே என்று பதில் வந்தது. கீழ் வீட்டில் போய் இரு என்று அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் போனாள். மூன்றாம் நாள் மறுபடியும் படிதான். "அவங்க நல்லவங்கதாம்மா. ஆனா அது அவங்க வீடு" என்றாள்.

மூன்று வருடம் அப்படித்தான் போயிற்று. சுவரில் மணி நாலேகால் ஆகும்போது நான் யாரோ ஒருவரின் பட்டா மாறுதல் மனுவைப் பிரித்துக்கொண்டிருப்பேன். இந்நேரம் அவள் படியில் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அதற்கு மேல் என்னால் அவளுக்கு எதுவும் கொடுக்க முடியவில்லை.