இரண்டு பஸ்ஸில் போட்ட துண்டு

பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடித்து வளர்ந்தவள் நான். இரண்டு பஸ் வந்தால் இரண்டிலும் போடுவோம். எது முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறிக்கொள்வோம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் இருபது வருஷம் குடித்தனம் செய்தும் அந்தப் புத்தி போகவில்லை. மகளின் காலேஜ் அப்ளிகேஷனில் அது வேலையைக் காட்டியது.

அவள் ஆசைப்பட்டது கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு காலேஜுக்கு. அதற்கு ‘எர்லி டிசிஷன்’ முறையில் விண்ணப்பித்திருந்தாள். மற்றவர்களுக்கு முன்பே முடிவு சொல்லிவிடுவார்கள். இடம் கிடைத்தால் கண்டிப்பாக அங்கேதான் சேர வேண்டும். அதற்கு அவளும் நானும் பள்ளி கவுன்சிலரும் கையெழுத்துப் போட வேண்டும். நானும் போட்டேன், ஒரு வரிகூடப் படிக்காமல்.

ஆனால் அங்கே கிடைக்காவிட்டால்? நான் சும்மா இருப்பவளா? வீட்டிலிருந்து நாற்பது நிமிஷ தூரத்தில் இருக்கும் இன்னொரு காலேஜுக்கும் அதே எர்லி டிசிஷனில் நானே ஃபார்ம் நிரப்பினேன், அவளுக்குத் தெரியாமல். அவள் எழுதிய கட்டுரையை எடுத்து ஒட்டினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் பெயரையும் நானே டைப் செய்தேன். அன்று எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாம் நாள் கவுன்சிலர் பள்ளிக்குக் கூப்பிட்டார். இரண்டாவது ஃபார்ம் கையெழுத்துக்காக அவரிடம் போயிருந்தது. மகள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள். ஒருவர் ஒரு காலேஜுக்குத்தான் எர்லி டிசிஷன் கேட்கலாம், இதில் தானும் கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டு இடமுமே போயிருக்கலாம் என்றார் அவர். யார் செய்தது என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: “வீ மிஸ்ரெட் தி ரூல்ஸ்.”

நாங்கள் தப்பாகப் படித்துவிட்டோமாம்! அந்த ‘நாங்கள்’ என்பதில் அவள் இல்லவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்தான் செய்தேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

அந்தக் கவுன்சிலர் அம்மாள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அந்தப் பக்கத்துக் காலேஜில் ‘எர்லி ஆக்‌ஷன்’ என்றும் ஒரு வழி உண்டு, அதில் விண்ணப்பித்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எர்லி டிசிஷனோடு அதையும் வைத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு என்னைக் கேட்கவில்லை. மகளைப் பார்த்து, உனக்குச் சம்மதமா என்று கேட்டார். அவள் தலையாட்டியதும் காலேஜுக்குப் போன் போட்டுப் பேசி ஃபார்மை மாற்றிக் கொடுத்தார். அவருக்கு நான் பட்ட கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

காரில் ஏறியதும், “ஸாரிடி. அங்க கிடைக்கலன்னா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்” என்றேன்.

எது கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்லும் பெண் அன்று தமிழில் கேட்டாள். “கிடைச்சிடும்னுதானம்மா பயந்தே?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமாடி” என்றேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கியர் மேல் இருந்த என் கையின் மேல் கையை வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

டிசம்பரில் கலிபோர்னியாவிலிருந்து பதில் வந்தது. கிடைத்துவிட்டது. குதித்தோம், கத்தினோம். இனி மற்ற விண்ணப்பங்களை எல்லாம் வாபஸ் வாங்க வேண்டும், அதுவும் ரூல்தான். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, அந்த நாற்பது நிமிஷக் காலேஜ்.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, “நீயே பண்ணும்மா” என்றாள்.

இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்தேன். பிறகு, நான் போட்ட துண்டை நானே எடுத்தேன்.