நாவலுக்கு வாங்கிய தாள்கள்

ஒரே மாதத்தில் ஒரு நாவல் எழுத வேண்டும் என்று ஞாயிற்றுப் பத்திரிகையில் போட்டி ஒன்று அறிவித்திருந்தார்கள். மாவனல்லைக் கடையில் கருவாடு சுற்றித் தந்த தாளில்தான் அதைப் பார்த்தேன். கருவாட்டைச் சட்டியில் போட்டுவிட்டு, தாளை அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்துப் படித்தேன். நவம்பர் முதலாம் திகதி தொடங்கி, மாதம் முடிவதற்குள் முடிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வரிகூட எழுதக் கூடாது. ஆனால் தயாராகலாம். கதையில் வரும் ஆட்களின் முகம், உடம்பில் உள்ள அடையாளம், பழக்கவழக்கம், பயம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தது.

நான் அப்போது கேகாலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் அம்மாவோடு பால் வெட்டிக்கொண்டிருந்தேன். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டவள். தமிழில் மட்டும் நல்ல பெறுபேறு. அதைக் கொண்டுபோய் எந்த மரத்தில் தேய்ப்பது? தோட்டத்தில் என் தமிழுக்கு இருந்த ஒரே வேலை பெட்டிசம் எழுதுவது, அதாவது மேலிடத்துக்கு மனு. கூரை ஒழுகினால் பெட்டிசம், தண்ணீர்க் குழாய் உடைந்தால் பெட்டிசம், மருந்து கொடுப்பவர் குடித்துவிட்டு வந்தால் பெட்டிசம். எல்லாரும் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஆளுக்கொன்றாய்ச் சொல்வார்கள், நான் எழுதுவேன், கடைசியில் வரிசையாகக் கைநாட்டு. ஒரு தடவை அப்படி அனுப்பி நிஜமாகவே கூரைத் தகரம் வந்து இறங்கியது. அன்றிலிருந்து எங்கள் லயத்தில், அந்த நீளமான வரிசை வீடுகளில், கடவுளுக்கு அடுத்தபடி பெட்டிசம்தான்.

மழை மாதத்தில் போட்டி வந்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வேலை இல்லை, சம்பளமும் இல்லை. லயமே வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் இன்னும் பெய், இன்னும் பெய் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பாவிதான் நான். எழுத்தாளர் ஆகப் போகிறவளுக்கு ஊர்ப்பட்டினி எங்கே தெரியும்?

யாரைப் பற்றி எழுதுவது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அக்காவைப் பற்றித்தான்.

தொண்ணூற்றிரண்டில் அக்காவைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. நல்ல வீடு, பள்ளிக்கூடமும் அனுப்புவார்கள் என்று சொல்லி ஒரு தரகர் வந்து கூட்டிப் போனார். அடுத்த தீபாவளிக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த தீபாவளிக்கு வரவில்லை. அப்பா தேடிப் போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். தரகரும் தோட்டத்துப் பக்கம் தலை காட்டவே இல்லை. அலைந்து அலைந்து அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அம்மா அக்காவின் பேரை எடுத்ததில்லை. யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

மாவனல்லைக்குப் போய்க் கட்டுக்கட்டாகத் தாள் வாங்கினேன். கடைக்கார நானா சிரித்தார். "என்ன புள்ள, தோட்டத்துல ஸ்கூல் தொறக்கப் போறீங்களா?"

"பொஸ்தகம் எழுதப் போறேன் நானா."

"அல்லாஹ்! எழுதுங்க, எழுதுங்க. எங்களயும் அதுல போடுங்க."

ஒரு மழை நாளில் அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "அம்மா, அக்காவப் பத்தி எழுதப் போறேன். எல்லாம் ஒங்ககிட்டதான் கேக்கணும்."

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா தாள் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பூராவுமா எழுதணும்?"

"பூராவும்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "கேளு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகை சொன்ன வரிசையிலேயே கேட்டேன். என்ன அடையாளம்?

"எடது புருவத்துக்கு மேல தழும்பு. பால் புடிக்கிற செரட்ட கிழிச்சது. நல்லா போடு அத."

என்ன விளையாடுவாள்? மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உருட்டிப் பந்தாக்கி லயத்துச் சுவரில் அடிப்பாள். எதற்குப் பயப்படுவாள்?

"நாய்னா செத்துருவா. அந்த வீட்டுல ரெண்டு நாய் இருந்துச்சாம். தீபாவளிக்கு வந்தப்ப சொன்னா. நாந்தான், கட்டித்தான போட்டிருப்பாங்க, பேசாம போன்னு அனுப்பினேன்."

அடுத்தடுத்த மழை நாட்களில் நான் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அம்மாவே வந்து உட்கார்ந்தார். பச்சை கேட், வெளிறின பச்சை. வாசலில் ஜம்பு மரம். வீட்டுக்கார நோனாவின் பேர். தரகருக்கு ஒரு கண் கொஞ்சம் சின்னது. போன அன்றைக்கு அக்கா போட்டிருந்தது ஊதாப்பூ கவுன். வருடக்கணக்காக வாயே திறக்காத மனுஷி இப்படிக் கொட்டுகிறாரே என்று எனக்குப் புல்லரித்தது. என் நாவல்தான் அம்மாவின் நெஞ்சைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

"ஏண்டி, ஒண்ணையும் எழுதிக்க மாட்டேங்கிற?"

"ஒண்ணாம் திகதிதாம்மா தொடங்கணும். அப்படித்தான் போட்டிருக்காங்க."

"அப்படியா சட்டம்? சரி, மறந்துராத."

முதலாம் திகதி விடிந்தபோது சரியான மழை. பலகையை மடியில் வைத்து, முதல் தாளை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினேன். அம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலோடு மூலையில் உட்கார்ந்து, துணியை நனைத்துப் பெருவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பால் வெட்டுகிறவர்களின் விரலில் றப்பர் பால் தோல்மாதிரிக் காய்ந்து கிடக்கும். அப்படியே கைநாட்டு வைத்தால் ரேகை விழாது, வெறும் மைக்கறைதான் விழும். அதனால் பெட்டிசம் எழுதுகிற அன்றைக்கு மட்டும் எங்கள் ஆட்கள் விரலை மண்ணெண்ணெயில் கழுவுவார்கள்.

தேய்த்துச் சிவந்த விரலை அம்மா என் முன்னால் நீட்டினார். "எங்க வைக்கணும்? மொதல்லயே வைக்கவா, எழுதி முடிச்சப்புறமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அம்மாவுக்கு எழுத்து என்றால் பெட்டிசம். இவ்வளவு தாளில் எழுதுவதென்றால் எவ்வளவு பெரிய பெட்டிசம்! தழும்பும் கவுனும் கேட்டும் நாயும் அம்மா கதைக்காகச் சொன்னதில்லை. பிள்ளையைக் கண்டுபிடிப்பதற்காகச் சொன்னது. இத்தனை வருடம் கழித்து வீட்டில் ஒருத்தி பேனாவை எடுத்திருக்கிறாள், இனிப் பெரிய ஆட்கள் தேடுவார்கள் என்று நம்பிச் சொன்னது. நான் என்னவோ பாத்திரம் சேர்த்துக்கொண்டிருந்தேன். இது கதை அம்மா, யாருக்கும் அனுப்பப் போவதில்லை, கொழும்பில் பரிசு கொடுப்பார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"முடிச்சப்புறம் வைங்கம்மா."

கனம் ஐயா அவர்கட்கு என்று தொடங்கினேன். நாவலுக்கென்று சேர்த்ததெல்லாம், என் அக்காவின் முழு ஆயுசும், ஒரே ஒரு தாளில் அடங்கிப் போயிற்று. கீழே கைநாட்டு வைக்கக்கூட இடம் மிச்சமிருந்தது. வைத்துவிட்டு அம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? கட்டு பூராவும்னு சொன்ன?"

"இதுல எல்லாம் வந்துருச்சும்மா."

"அப்ப மிச்சத்துலயும் எழுது. ஒரு எடத்துக்கு அனுப்பினா எவன் கண்ணுல படும்? அதுவும் தமிழ்க் கடதாசி. பிரிச்சே பாக்க மாட்டான்."

எழுதினேன். அந்த மாதம் முழுக்க எழுதினேன். பொலிசுக்கு, மந்திரிக்கு, கொழும்பில் எந்தக் கந்தோரின் விலாசம் கிடைத்தாலும் அதற்கு. கடைக்கார நானாவே உட்கார்ந்து சிங்களத்தில் சிலதை எழுதித் தந்தார். புத்தகம் என்னாயிற்று என்று அவர் கேட்கவில்லை. அம்மா ஒவ்வொரு தாளிலும் எதையாவது சேர்க்கச் சொல்வார். "இப்ப இருபத்தஞ்சு ஆகப் போவுதுன்னு போடு." "அவ தங்கச்சி வளந்துட்டான்னு போடு." ஒரு நாள், "வந்தா அம்மா திட்ட மாட்டான்னு போடு" என்றார். அதை எந்த ஐயாவுக்கு எழுதுவது? எழுதினேன். போட்டியில் கேட்ட அளவுக்குக் குறையாமல் எழுதியிருப்பேன். அத்தனையும் அந்த ஒரே பக்கம்தான், திரும்பத் திரும்ப.

எங்கிருந்தோ ஒரே ஒரு பழுப்பு உறை வந்தது. கடிதம் கிடைத்தது, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று சிங்களத்தில் இரண்டு வரி. "பாக்குறாங்களாம்மா" என்றேன். அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். அவ்வளவுதான். அக்காவும் வரவில்லை, வேறு உறையும் வரவில்லை.

பிறகு நான் கதைகள் எழுதினேன். அதில் சில புத்தகமாகவும் வந்தன. அக்காவின் நாவலை மட்டும் எழுதவில்லை. உட்கார்ந்தாலே கனம் ஐயா அவர்கட்கு என்றுதான் கை தொடங்குகிறது. அம்மா பால் வெட்டுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. விரலில் இப்போது ஒன்றும் ஒட்டியிருப்பதில்லை. ஆனாலும் நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டால் போதும், அம்மா எழுந்துபோய் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடுகிறார்.