கதவுக்குப் பின்னால் எட்டுப் பைகள்

கணவரின் பழைய ஜீன்ஸை வெட்டிக்கொண்டிருந்தேன். கெட்டித் துணியில் கத்தரிக்கோல் கறகறவென்று ஓடிய சத்தம் என்னைக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு, எங்கள் இரண்டறை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் தங்கை காஞ்சனா அத்தை, புருஷன் வீடு வேண்டாமென்று ஒரு பெட்டியோடு வந்து நின்றாள்.

"நமக்கே எடம் பத்தல. இவ எங்க இருப்பா?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டது அத்தையின் காதிலும் விழுந்தது.

மறுநாள் அத்தை அப்பாவின் கிழிந்த பேன்ட்டுகளிலிருந்து எட்டுப் பைகளை வெட்டியெடுத்து, அரிசிச் சாக்கின்மேல் வரிசையாகத் தைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். எண்ணெய் வாசனையடிக்கும் அவள் சீப்பு, மாத்திரை, ஊசிநூல் எல்லாம் அதற்குள் போயின. தரையில் அவள் பொருள் ஒன்றுகூட இல்லை. ஒரு வாரத்தில் என் பென்சில்களும் அங்கே குடியேறின. பிறகு, எப்போதும் தேடிக்கொண்டேயிருந்த ரேஷன் கார்டை அம்மாவே ஒரு பையில் சொருகினாள்.

"காஞ்சனா, அலமாரியில கீழ்த்தட்ட ஒனக்கு ஒழிச்சு வெச்சிருக்கேன். பொடவைய அடுக்கிக்க."

"சரி அண்ணி" என்றாள் அத்தை. வந்த நாளிலிருந்து அழாதவளுக்கு அப்போதுதான் குரல் உடைந்தது.

அத்தை இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். எது எங்கே இருக்கிறதென்று அம்மா அவளைத்தான் கேட்கிறாள்.